கவிழ்த்துப் பாருங்கள்!
(பழைய கண்ணாடி, பீங்கான் சாமான்களின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?)



பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருந்து என்னென்னவோ கீழே இறங்கும். பூப்போட்ட தட்டு, கைப்பிடி உள்ள கோப்பை, ஆரஞ்சு கலரில் மினுமினுக்கிற கிளாஸ். அந்த நேரம் பார்த்து வாசலில் பழைய சாமான் எடுக்கிறவர் வருவார். "மொத்தமா இருநூறு ரூபா" என்பார். பாட்டியும் இடத்தை அடைக்குதே என்று கொடுத்துவிடுவார். இதே மாதிரி சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் ஒவ்வொன்றும் தனி விலையோடு உட்கார்ந்திருக்கும். செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கப்பலில் வந்தவை அவை. அந்தப் பக்கம் பீங்கானை 'மங்கு' என்றே சொல்வார்கள். இது மலாய் மொழியிலிருந்து வந்த சொல். பீங்கான் என்பதோ பாரசீகச் சொல். சாமான் வந்த வழியிலேயே பேரும் வந்திருக்கு பாருங்க!

வாங்குகிறவர் சாமானைக் கவிழ்த்துப் பார்க்கிறார், விற்கிறவர் பார்ப்பதில்லை. விலை வித்தியாசத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. அப்படி அடியில் என்னதான் எழுதியிருக்கும்?

பெரும்பாலும் ஒரு நாட்டின் பெயர் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. 1891 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டை 'நிப்பான்' என்று அழைப்பதால் அப்படியே அச்சடித்தார்கள். 1921-ல், "அது ஆங்கிலப் பெயர் இல்லை, ஜப்பான் என்று போடுங்கள்" என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்று, அமெரிக்கப் படை அங்கே இருந்தபோது, சுமார் 1947 முதல் 1952 வரை, 'ஆக்குபைடு ஜப்பான்' என்று அச்சடித்தார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்று பொருள். சொந்த நாட்டைப் பற்றி இப்படி எழுதிய கோப்பையைச் செய்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால்? அந்த நாடு 1918-ல் பிறந்து 1992 முடிவோடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. சிலோன் என்றிருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முந்தையது. அந்த வருடம்தான் இலங்கை தன் பெயரை ஸ்ரீலங்கா என்று மாற்றியது. வரலாற்றுப் பாடத்தில் வருடம் மனப்பாடம் பண்ணி என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு இதோ ஒரு லாபம்.

ஆனால் முத்திரையை மட்டும் நம்பிவிடக் கூடாது. காகித லேபிள் ஒட்டி வந்தவற்றில் லேபிள் உதிர்ந்திருக்கும், அதனால் முத்திரை இல்லாததெல்லாம் மிகப் பழையது என்று அர்த்தமில்லை. போலி முத்திரையும் உண்டு. ஜெர்மனியில் மைசன் தொழிற்சாலை 1710-ல் தொடங்கியது, அதன் அடையாளம் குறுக்கே வைத்த இரண்டு வாள். அந்த வாளைக் காப்பியடித்தவர்கள் எத்தனையோ பேர்.

கண்ணாடியில் எழுத்து குறைவு, அதனால் உடம்பைப் பார்க்கணும். பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு மேலே ஏறும், அது அச்சின் இணைப்பு. கோடு வாய் விளிம்பு வரை போனால் இயந்திரத்தில் செய்தது. கழுத்திலேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்திருக்கலாம். பாட்டில் செய்யும் தானியங்கி இயந்திரத்தை அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கியது 1903-ல். நம்ம கோலி சோடா பாட்டிலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, ஏனென்றால் கோலியை உள்ளே போட்ட பிறகுதான் கழுத்தைக் குறுக்குவார்கள். அதைக் கண்டுபிடித்து 1872-ல் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர்.

முன்னே சொன்ன ஆரஞ்சு மினுமினுப்பு கிளாஸுக்கு கார்னிவல் கிளாஸ் என்று பெயர். கண்ணாடி சூடாக இருக்கும்போதே உலோக உப்பு தெளித்து அந்தப் பளபளப்பைக் கொண்டுவருவார்கள். 1907 வாக்கில் அமெரிக்காவில் ஆரம்பித்தது, பிறகு பிரோசாபாத்திலும் செய்தார்கள். டம்ளர் அடியில் ஜெயின் என்ற எழுத்து இருந்தால் அங்குள்ள ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலையில் செய்தது. இதை வெளிநாட்டில் தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள், நாம் ஆணி போட்டு வைக்கிறோம்.

பீங்கானா, வெறும் மண் சாமானா என்று பார்க்க வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் விரலை வையுங்கள். மெல்லிய பீங்கானில் விரலின் நிழல் தெரியும், மண் சாமானில் தெரியாது. மண்பானை வாங்கும்போது தட்டுகிற மாதிரி மெதுவாகச் சுண்டினால் 'ணங்' என்று கேட்கணும். 'டப்' என்றால் எங்கோ விரிசல் இருக்கலாம். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினால் சில்லு போன இடம் அகப்படும்.

விற்கிறவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு கணக்கு போடுவோம். ஆறு கிண்ணத்தை 600 ரூபாய்க்கு வாங்குகிறார், வண்டிக் கூலி 150. வழியில் ஒன்று உடைகிறது. மீதி ஐந்தைத் தலா 250-க்கு விற்றால் 1250. கையில் நிற்பது 500. அதற்குள் எட்டு மாதம் போயிருக்கலாம். இது நியாயமான வியாபாரம். விரிசலை மறைத்து விற்பதும், வயது தெரிந்தே "இது குப்பை" என்று சொல்லி வாங்குவதும்தான் நியாயமில்லை. 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப் பொருட்களுக்கு 1972-ல் வந்த தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. அவற்றை வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது கிடைத்தால் அழகுக்கு வையுங்கள். அதில் ஊறுகாய், எலுமிச்சைச் சாறு ஊற்றி வைக்க வேண்டாம். பழைய பூ வேலைக் கலரில் ஈயம் இருக்கலாம், புளிப்பு அதைக் கரைக்கும். தங்கக் கோடு போட்டதைச் சாம்பல், கம்பி நார் வைத்துத் தேய்த்தால் கோடும் போகும், விலையும் போகும். வெதுவெதுப்பான தண்ணீர், மெத்தென்ற துணி, அடியில் ஒரு துண்டு விரித்த பிளாஸ்டிக் பேசின். இது போதும்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு