பனிக்காலத்தை எரித்த மாலை

பின்வரும் பகுதியை வாசித்துக் கருத்துணர்ந்திடுக.

நான் பிறந்து வளர்ந்தது சிலாங்கூரின் வடபகுதியில் உள்ள பாகான் நக்கோடா ஓமார். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் அந்தக் கடலோர ஊரில், இளவேனில் என்பதைப் பாடநூலில் மட்டுமே படித்திருந்தேன். வேலைக்காகச் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குச் சென்ற பிறகுதான் அச்சொல்லின் அருமை புரிந்தது. அங்கு டிசம்பர் மாதத்தில் மாலை நான்கரை மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடும். வேலை முடிந்து வெளியே வந்தால் இருளும் குளிரும்தான் வரவேற்கும்.

2023 ஏப்ரல் 17, திங்கட்கிழமை. "இன்று பனிக்காலத்தை எரிக்கப் போகிறோம். நீங்களும் வாருங்கள்," என்று பக்கத்து வீட்டு அம்மையார் அழைத்தார்.

ஏரிக்கரைத் திடலில் பெருங்கூட்டம். பழங்காலக் கைவினைஞர் சங்கங்களின் வழிவந்தோர் மரபுடை அணிந்து ஊர்வலமாக வந்தனர். வேடிக்கை பார்த்தவர்கள் அவர்களுக்கு மலர்களைக் கொடுத்து மகிழ்ந்தனர். திடலின் நடுவே, உயரமாக அடுக்கிய விறகின்மேல் வெண்ணிறப் பனிமனிதப் பொம்மை ஒன்று நின்றது. அதன் பெயர் 'போக்'. அதன் தலைக்குள் வெடிகள் இருந்தன. மாலை ஆறு மணிக்கு விறகில் தீ மூட்டினர். குதிரை வீரர்கள் தீயைச் சுற்றி விரைந்தனர்.

"தலை விரைவாக வெடித்தால் கோடை நன்றாக இருக்கும். 2003ஆம் ஆண்டு ஆறு நிமிடத்திற்குள் வெடித்தது. அவ்வாண்டு கடும் வெயில்," என்றார் அம்மையார். பெரியவர்கள்கூட ஒரு பொம்மையை எரித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார்களே என்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்களுக்கும் இது விளையாட்டுதான். ஆனால், இதன் பெயரைக் கவனித்தீர்களா? 'செக்சலாய்ட்டன்' என்றால் ஆறு மணி ஒலித்தல் என்று பொருள். முற்காலத்தில் பகல் வெளிச்சத்தை நம்பியே தொழில் நடந்தது. குளிர்காலம் முடிந்து பகல் நீண்டதும், இனி ஆறு மணி வரை வேலை என்பதைத் தேவாலய மணி அறிவிக்கும்," என்று விளக்கினார்.

பிறகு, "உங்கள் ஊரில் இப்படி ஏதேனும் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு. பொங்கலுக்கு முதல் நாள், போகியன்று பழைய பொருள்களை எரிப்போம்."

"ஏன்?"

"அது... எங்கள் வழக்கம்."

மேலே சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறர் விழாவைப் பார்த்துச் சிரித்த எனக்கு, என் விழாவை விளக்கத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஐம்பத்தேழு நிமிடங்களுக்குப் பிறகே தலை வெடித்தது. அதுவரை அவ்வளவு நேரம் ஆனதே இல்லையாம். "இவ்வாண்டு மழைக்கோடைதான்!" என்று கூட்டம் ஆரவாரித்தது. பின்னர் வந்த கோடையோ வெயில் மிகுந்ததாகவே அமைந்தது. கணிப்புப் பொய்த்ததற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை பாட்டியைத் தொலைபேசியில் அழைத்துப் போகியைப் பற்றிக் கேட்டேன்.

"பழைய பாய் வீட்டிலேயே கிடந்தால் புதுப்பாயை எங்கே விரிப்பது, ஐயா? பாயோடு, மனத்தில் உள்ள பழைய பகையையும் நெருப்பில் போடச் சொல்வார் உன் தாத்தா. இத்தனை ஆண்டுகளாக நீ இதைக் கேட்டதே இல்லையே!" என்றார் பாட்டி.

அன்று மாலை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். இம்முறை என்னிடம் விடை இருந்தது.

கருத்துணர் கேள்விகள்

1. செக்சலாய்ட்டன் விழாவின் பெயர்க்காரணம் யாது?
2. எழுத்தாளர் வெட்கப்பட்டதற்கான காரணத்தை விளக்குக.
3. பாட்டியின் கூற்றில் பழைய பாய் எதனை உணர்த்துகிறது?
4. உன் வீட்டில் பின்பற்றப்படும் வழக்கம் ஒன்றன் பொருளைப் பெரியோரிடம் கேட்டறிந்து, வேற்றினத்து நண்பருக்கு விளக்குவதுபோல் ஒரு பத்தி எழுதுக.