சிறு கூட்டத்தைப் பெருங்கூட்டம் பார்க்கும் பார்வை

அல்லாஹுத்தஆலா மனிதர்களைப் பல கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது, அவர்கள் ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே என்பது ஸூரத்துல் ஹுஜுராத் 13ஆம் வசனத்தின் கருத்தாகும். அறிந்து கொள்வதற்கு நேர் எதிரானது, அறியாமலே முடிவு கட்டுவது. பலர் வாழும் ஊரில் சிலராக வாழும் ஒரு சமுதாயத்தைப் பற்றி மற்றவர்கள் கொள்ளும் எண்ணம் எப்படி உண்டாகிறது? அந்த எண்ணம் தவறாக இருக்கும்போது முஃமினுடைய கடமை என்ன? இதை இம்மாதப் பாடமாக எடுத்துக் கொள்வோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வாழும் நமக்கு இது ஏட்டுப் பாடம் அன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் பிழைப்புத் தேடிப் பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் வட்டாரம் இது. ஒரே மாடியில் நான்கு குடும்பங்கள். நான்கும் நான்கு விதமான வழிபாடு உடையவை. இப்படி வாழ்வோர் ஒருவரையொருவர் இரண்டு வழிகளில் அறிகிறார்கள். ஒன்று பழக்கம், மற்றொன்று செய்தி. அடுத்த வீட்டார் நம்மைப் பழக்கத்தால் அறிவார்கள். இரண்டு தெரு தள்ளி இருப்பவர்களோ செய்தியால் மட்டுமே அறிவார்கள். பழக்கம் குறைந்த இடத்தில் செய்தி ஆட்சி செய்கிறது.

2020இல் நடந்தது

2020 மார்ச் மாதம் டில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தப்லீக் ஜமாஅத்தின் கூட்டம் நடந்தது. தமிழகத்திலிருந்து ஏறக்குறைய 1,500 பேர் சென்றிருந்ததாக அரசு தெரிவித்தது. மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு வந்தது. மார்ச் 31 அன்று தமிழகத்தில் புதிதாக 57 பேருக்குக் கொரோனா நோய் உறுதியானபோது, அவர்களில் 50 பேர் அக்கூட்டத்துக்குச் சென்று வந்தவர்கள் என்று அறிவிக்கப்பட்டது.

இந்த எண்ணிக்கையை நாம் மறுக்கவில்லை. நோய் வந்தது உண்மை. கூட்டம் நடந்ததும் உண்மை. ஆனால், இந்த உண்மையின் மேல் கட்டப்பட்ட கட்டடம்தான் பொய். நோயாளிகள் சதிகாரர்களாகச் சித்திரிக்கப்பட்டனர். நோய்க்கே மதத்தின் பெயர் சூட்டி, அதை ஒரு போராக வருணித்தவர்களும் உண்டு. டில்லி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாத தள்ளுவண்டி வியாபாரியிடம், தொப்பியும் தாடியும் கண்டு காய் வாங்க மறுத்த செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்தன. நோயை எந்தச் சமூகத்தோடும் இணைத்துப் பேச வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகமே ஏப்ரல் 8ஆம் தேதி அறிவுரை வெளியிட வேண்டியதாயிற்று.

பிறகு நீதிமன்றங்கள் பேசின. 2020 ஆகஸ்ட் 21இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, தப்லீக் பணிக்காக வந்திருந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத இடமிருக்கிறது என்ற பொருளில் கூறியது. வெளிநாட்டினருக்குத் தங்க இடம் கொடுத்ததாக 70 இந்தியர்கள் மீது தொடரப்பட்ட 16 வழக்குகளை டில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 17இல் ரத்துச் செய்தது. குற்றச்சாட்டு ஒரே இரவில் ஊரெல்லாம் பரவியது; அது நீங்குவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. குற்றச்சாட்டைக் கேட்டவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைக் கேட்டிருப்பார்கள்?

ஒரே நோய், இரண்டு பெயர்கள்

அதே ஆண்டு மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பல மாவட்டங்களுக்குப் பரவியது. மே 5இல் சந்தை மூடப்பட்டு, பின்னர் காய்கறி வியாபாரம் நம் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அப்போது நோய்க்குச் சந்தையின் பெயர் வந்ததே தவிர, எந்த மதத்தின் பெயரும் வரவில்லை. வியாபாரிகளின் சாதி என்ன, சமயம் என்ன என்று எவரும் விசாரிக்கவில்லை. அதுதான் நியாயம். அந்த நியாயம் ஏப்ரல் மாதத்திலும் இருந்திருக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

பெரும்பான்மையில் ஒருவர் தவறு செய்தால் அது அவருடைய தவறு. சிறுபான்மையில் ஒருவர் தவறு செய்தால் அது அந்தச் சமுதாயத்தின் குணம். சிறு கூட்டங்களை உலகம் பார்க்கும் பார்வையிலுள்ள கோணல் இதுதான். இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, தலைப்பாகையும் தாடியும் கண்டு முஸ்லிம் என்று எண்ணி, சீக்கியர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அச்சம் மேலிட்டால் அது விசாரணை செய்யாது, அடையாளத்தைத் தேடும்.

அடையாளம் கிடைக்காவிட்டாலும் அச்சம் சும்மா இருப்பதில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஆந்திர மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் தகனம் செய்ய எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்கள் கல்லாலும் கட்டையாலும் தாக்கப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் என்ன? நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்ததுதானே!

செய்தி வந்தால் விசாரிக்க வேண்டும்

ஹுஜுராத் ஸூராவின் 6ஆம் வசனம், நம்பத்தகாதவர் ஒரு செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னால் கைசேதப்பட நேரும் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இங்கே தனி மனிதன் என்று கூறப்படாமல் கூட்டத்தார் என்று கூறப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

இவ்வசனம் இறங்கிய பின்னணியைத் தப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். பனூ முஸ்தலிக் கோத்திரத்தாரிடம் ஸகாத் வசூலிக்க ஒருவர் அனுப்பப்பட்டார். அவர்கள் அவரை வரவேற்கத் திரண்டு வந்தார்கள். கூட்டத்தைக் கண்டு அவர் அஞ்சித் திரும்பி, அவர்கள் ஸகாத் தர மறுத்துத் தம்மைக் கொல்ல வந்ததாக மதீனாவில் தெரிவித்தார். விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. வரவேற்க வந்த கூட்டம் அச்சத்தின் கண்ணுக்குக் கொல்ல வந்த கூட்டமாகத் தெரிந்தது! விசாரிக்காமல் படை சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஹபஷா நாட்டில் சிறு கூட்டமாக அடைக்கலம் புகுந்த ஸஹாபாப் பெருமக்கள் மீது மக்கத்துக் குறைஷியர் புகார் கொண்டு சென்றபோது, நஜ்ஜாஷி மன்னர் புகாரை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கவில்லை. புகார் சொல்லப்பட்டவர்களை அழைத்து வரச் செய்து, ஜஅஃபர் (ரலி) அவர்களின் வாயாலேயே விளக்கம் கேட்டார். ஒரு சமுதாயத்தைப் பற்றி அறிய வேண்டுமானால் அந்தச் சமுதாயத்தாரிடமே கேட்க வேண்டும் என்ற நெறிக்கு இது தக்க சான்று.

சந்தேகத்தை நீக்குவது ஸுன்னத்

நம் மீது தவறான எண்ணம் கொள்வது அவர்களுடைய குற்றம். நமக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ரமலானில் இஃதிகாஃப் இருந்தபோது, அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் இரவில் வந்து பேசிவிட்டுத் திரும்பினார்கள். வழியனுப்ப நபியவர்கள் எழுந்து சென்றபோது அன்ஸாரிகள் இருவர் கடந்து, விரைந்து நடந்தனர். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, இவர் என் மனைவி ஸஃபிய்யா என்று அறிவித்தார்கள். அவ்விருவரும் திடுக்கிட்டபோது, ஷைத்தான் மனிதனுக்குள் இரத்தம் போல் ஓடுகிறான், உங்கள் உள்ளத்தில் ஏதேனும் போட்டுவிடுவானோ என்று அஞ்சினேன் என்ற கருத்தில் கூறியருளினார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ்.

குற்றமே அறியாத நபியவர்கள், கேட்காதவர்களுக்கும் தாமே முன்வந்து விளக்கம் அளித்தார்கள். அதில் கோபமும் இல்லை; கூச்சமும் இல்லை. சந்தேகத்துக்கு இடமளிக்காமல் நடப்பதும், சந்தேகம் எழக்கூடிய இடத்தில் தெளிவுபடுத்துவதும் இதனால் ஸுன்னத்தாகின்றன. 2020இல் தாமாகவே முன்வந்து தாம் டில்லி சென்று வந்ததைத் தெரிவித்துப் பரிசோதனை செய்து கொண்டவர்கள் இந்த வழியில் நின்றவர்கள். கொள்ளை நோய் கண்ட ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழிக்கும் அதுவே பொருத்தம். குணமடைந்த தப்லீக் சகோதரர்கள் பிற நோயாளிகளுக்காகத் தம் இரத்தத்தின் பிளாஸ்மாவைத் தானம் செய்தார்கள். பெற்ற பிள்ளைகளே அருகில் வர அஞ்சிய உடல்களை, அவரவர் சமய முறைப்படி நல்லடக்கமும் தகனமும் செய்ய முஸ்லிம் இளைஞர்கள் தமிழகமெங்கும் முன்வந்தார்கள். ஆயிரம் மறுப்பு அறிக்கைகள் செய்யாததை அந்தத் தோள்கள் செய்தன.

நாம் பார்க்கும் பார்வை

இங்கே நின்றுவிட்டால் பாடம் பாதிதான். நாமும் பிறரைப் பார்க்கிறோம் அல்லவா? நம்முடைய கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் பெந்தெகொஸ்தே குடும்பம் வீட்டில் ஜெபம் செய்தால் முகம் சுளிக்கிறோமா? தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசா இளைஞர்களைப் பற்றி, தெருவில் ஒரு திருட்டு நடந்தவுடன் என்ன பேசுகிறோம்? தப்லீக்காரர்கள் ஏசப்பட்டபோது, தவறு அவர்களுடையது, நாங்கள் வேறு என்று ஒதுங்கி நின்ற முஸ்லிம்களும் இருக்கத்தான் செய்தார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை அநீதிக்குத் தூண்ட வேண்டாம், நீதி செலுத்துங்கள் என்பது ஸூரத்துல் மாயிதா 8ஆம் வசனத்தின் போதனை. பிறர் நமக்குத் தர வேண்டிய நீதியைக் கேட்கும் நாவு, நாம் பிறருக்குத் தர வேண்டிய நீதியையும் பேச வேண்டும்.

இல்லங்களில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கைப்பேசியில் வரும் செய்தியை, அது நமக்குச் சாதகமாக இருந்தாலும், விசாரிக்காமல் பிறருக்கு அனுப்பக் கூடாது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற ஹதீஸின் கருத்தை நினைவில் கொள்ளுங்கள்.

2. பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளையிடம் மார்க்கத்தைப் பற்றி எவரேனும் குத்தலாகக் கேட்டால், சண்டைக்குப் போகவோ தலைகுனியவோ சொல்லாதீர்கள். நோன்பு ஏன், தொழுகை ஏன் என்று இரண்டு வாக்கியத்தில் அமைதியாகச் சொல்லப் பழக்குங்கள். தெரியாததைத் தெரியாது, அத்தாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லட்டும்.

3. ஜும்ஆவுக்கு வரும்போது பிறர் வாசலையும் பாதையையும் மறித்து வண்டி நிறுத்தாதீர்கள். அந்த வீட்டார் நம் மார்க்கத்தைக் கிதாபில் படிப்பதில்லை. அவர்கள் வாசலில் நிற்கும் வண்டியில்தான் படிக்கிறார்கள்.

4. குழம்பில் தண்ணீரை அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி நபியவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே கேட்டார்கள். அண்டை வீட்டார் உரிமைக்கு மார்க்க வேறுபாடு தடையில்லை. பெருநாளில் மட்டும் அன்றி, அவர்கள் வீட்டு நோயிலும் துக்கத்திலும் முதலில் செல்பவர்களாக இருங்கள். மறுநாள் ஒரு பொய்ச் செய்தி அந்தத் தெருவுக்கு வந்தால், அதை மறுத்துப் பேச அங்கே ஒரு வாய் இருக்கும்.

வல்ல அல்லாஹ் நம்மைப் பிறர் மீது தவறான எண்ணம் கொள்வதிலிருந்தும், பிறருடைய தவறான எண்ணத்துக்கு நாமே காரணமாவதிலிருந்தும் காத்து, அண்டை அயலாருடன் நீதியோடும் நேசத்தோடும் வாழும் தௌஃபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.