பிற மதத்தாரைப் பற்றிப் பேசுவதிலும் நீதி: பௌத்தம் குறித்து நம் முன்னோர் எழுதிய முறை

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8-வது வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். நமக்கு அறிவில்லாத விஷயத்தின் பின்னால் போகக் கூடாது, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று அல்இஸ்ரா 36-வது வசனத்தில் கூறுகிறான். சாட்சிக் கூண்டில் நிற்பவருக்கு மட்டும் உரிய கட்டளைகள் அல்ல இவை. அடுத்தவரின் மார்க்கத்தைப் பற்றி நாம் வாய் திறக்கும்போதும் பொருந்தும்.

படைத்தவன் ஒருவன் என்பதே நம் ஈமானின் அடித்தளம். பௌத்தமோ படைத்தவனைப் பற்றிப் பேசாத, மறுபிறவியை நம்பும் மார்க்கம். இவ்வளவு தூரத்தில் உள்ள ஒரு கொள்கையைப் பற்றி நம் அறிஞர்கள் எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள்.

பக்தாதில் தொடங்கிய தேடல்

கலீஃபா ஹாரூன் ரஷீதின் அமைச்சர் யஹ்யா இப்னு காலித் அல்பர்மகீ. அவருடைய முன்னோர் பல்க் நகரின் நவ்பஹார் என்ற பௌத்த விஹாரையை நிர்வகித்தவர்கள். அந்த யஹ்யா இந்தியாவுக்கு ஒருவரை அனுப்பி, மூலிகைகளைக் கொண்டுவரவும், அங்குள்ள மதங்களைப் பற்றி எழுதி வரவும் செய்தார். இப்னுந் நதீம் ஹிஜ்ரி 377-ல் (கி.பி. 987) தொகுத்த 'அல்ஃபிஹ்ரிஸ்த்' நூலில் இந்தச் செய்தி உள்ளது.

அக்காலத்தில் 'புத்' என்ற சொல் பொதுவாகச் சிலை என்ற பொருளிலேயே புழங்கியது. உருதுவில் இன்றும் அப்படித்தான். ஒரு மனிதரின் பெயரே சிலைக்குப் பெயராகிவிட்டது! ஆனால் இப்னுந் நதீம் அதோடு நிறுத்தவில்லை. அந்தச் சிலை யாரைக் குறிக்கிறது என்பதில் இந்தியர்களுக்குள்ளேயே இருந்த கருத்து வேறுபாடுகளையும் பதிவு செய்தார்.

தெரியாது என்று எழுதிய அல்பிரூனி

கி.பி. 1030 வாக்கில் அல்பிரூனி (ரஹ்) இந்தியாவைப் பற்றிப் பெரும் நூல் எழுதினார். சமஸ்கிருதம் கற்றவர், பண்டிதர்களிடம் நேரில் கேட்டவர். ஆனால் பௌத்தம் என்று வந்தபோது என்ன சொன்னார்? தமக்குப் பௌத்த நூல் ஒன்றும் கிடைக்கவில்லை, கேட்டறிய ஒரு பௌத்தரையும் சந்திக்கவில்லை, ஆகவே ஈரான்ஷஹ்ரீ சொன்னதைத்தான் எடுத்துக் கூறுகிறேன், அதுவும் நன்கு ஆராய்ந்து சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். ஹதீஸ் கலை வல்லுநர் அறிவிப்பாளரை எடைபோடுவது போல, அவர் தம் செய்தியின் மூலத்தை எடைபோட்டார்.

ஷஹ்ரஸ்தானியின் நிபந்தனை

ஹிஜ்ரி 548-ல் வஃபாத்தான இமாம் ஷஹ்ரஸ்தானி (ரஹ்) 'அல்மிலல் வந்நிஹல்' நூலின் முன்னுரையில் தமக்குத் தாமே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டார். ஒவ்வொரு கூட்டத்தாரின் கொள்கையையும் அவர்களுடைய நூல்களில் கண்டபடியே சொல்வது, அவர்களுக்காகப் பரிந்தும் பேசாமல் அவர்களைத் தாக்கியும் பேசாமல் எழுதுவது. புத்தரைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மையானால், அவர் நாம் அறிந்த ஹிழ்ரு (அலை) அவர்களைப் போன்றவராவார் என்றும் எழுதினார். 'உண்மையானால்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் பேணுதல் இருக்கிறது.

துறவியோடு அமர்ந்த அமைச்சர்

கி.பி. 1295-ல் மங்கோலிய மன்னர் ஃகாஸான் இஸ்லாத்தைத் தழுவினார். அவர் ஆட்சியின் தொடக்கத்தில் பௌத்தக் கோவில்கள் இடிக்கப்பட்டன என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. அவருடைய அமைச்சர் ரஷீதுத்தீன், 'ஜாமிஉத் தவாரீக்' என்ற உலக வரலாற்றில் புத்தரின் வாழ்க்கையை எழுத, காஷ்மீரைச் சேர்ந்த கமலஸ்ரீ என்ற பௌத்தத் துறவியின் உதவியைப் பெற்றார். அல்பிரூனிக்குக் கிடைக்காத ஆள் இவருக்குக் கிடைத்தார்! புத்தரை வழிமறித்த மாரனை, நம் வாசகருக்குப் புரியும்படி இப்லீஸ் என்று எழுதினார். அதே ரஷீதுத்தீன், மறுபிறவிக் கொள்கையை மறுத்தும் எழுதினார்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவர்களிடமே கேட்டார், கேட்டதைச் சொன்னார், பிறகுதான் மறுத்தார்.

நமக்குள்ள பாடம்

சகோதரர்களே! அடுத்தவரின் கொள்கையைச் சரியாகச் சொல்வதால் நம் ஈமான் குறைந்துவிடாது. இந்தப் பெரியவர்களில் யாரும் தவ்ஹீதை விட்டுக்கொடுக்கவில்லை. மாறாக, அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லி மறுப்பதுதான் அநீதி. அப்படி மறுத்தால் அது அவர்களுக்குப் போட்ட பதிலே அல்ல, நாமே கட்டிய பொம்மைக்குப் போட்ட பதில். நம் மார்க்கத்தைப் பற்றி ஒருவர் விசாரிக்காமல் எழுதினால் நமக்கு எவ்வளவு வலிக்கிறது! அந்த வலியை நாம் பிறருக்குக் கொடுக்கலாமா?

ஆகவே வாட்ஸ்அப்பில் இன்னொரு மதத்தைப் பற்றிய செய்தி வந்தால், அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் சொன்னவர் யார்? அந்த மதத்தார் இதை ஒப்புக்கொள்வார்களா? எனக்கு இது உறுதியாகத் தெரியுமா? பதில் இல்லையென்றால் அதைக் கடத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமே மரியாதையாகக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அல்பிரூனிக்கு அது இழிவாகவில்லை, நமக்கும் ஆகாது.

அறிந்து பேசும் நாவையும், வெறுப்பிலும் நீதி தவறாத உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.