ஓரக் கோடுகளைத் திரையில் காண்போம்

எங்கள் பள்ளி ஆண்டு மலரைப் பேஜ்மேக்கரில் நானே வடிவமைத்தேன். அச்சாகி வந்த அன்று, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மலரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "சார், என் கவிதையில முதல் எழுத்தையெல்லாம் காணோம்!" என்றாள். பின் அடித்த இடத்தை விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் முதலெழுத்தும் உள்ளே புதைந்து கிடந்தது. அச்சகத்தார் மேல் தவறில்லை. வண்ணக் கோடுகள் கண்ணை உறுத்துகின்றன என்று அவற்றை மறைத்துவிட்டு, கண் அளவிலேயே பத்திகளை நகர்த்தியவன் நான்தான்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பேஜ்மேக்கர் இடம்பெற்றுள்ளது. அதை நடத்தும்போது இப்போது முதலில் ஓரக் கோடுகளையே காட்டுகிறேன்.

பக்கத்தின் உள்ளே தெரியும் இளஞ்சிவப்புக் கோடுகள் ஓரத்தையும், நீலக் கோடுகள் பத்தியின் எல்லையையும் காட்டுகின்றன. இவை அச்சில் வருவதில்லை; நமக்கு வழிகாட்ட மட்டுமே. எழுத்து கோட்டைத் தாண்டினாலும் மென்பொருள் தடுக்காது. எனவே கோடு கண்ணில் படுவது அவசியம்.

செய்முறை:

1. கோடுகள் தெரியாவிட்டால் வியூ மெனுவில் 'ஷோ கைட்ஸ்' கட்டளையைத் தேர்வு செய்க. கண்ட்ரோல் விசையுடன் அரைப்புள்ளி விசையை அழுத்தினாலும் போதும். மீண்டும் அழுத்தினால் கோடுகள் மறையும்.

2. ஓர அளவை மாற்ற, ஃபைல் மெனுவில் 'டாக்குமெண்ட் செட்அப்' பகுதிக்குச் செல்க.

3. இருபுறமும் அச்சிடும் நூலுக்கு 'டபுள்-சைடெட்', 'ஃபேசிங் பேஜஸ்' இரண்டையும் தேர்வு செய்க. எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்து தெரியும்.

4. 'இன்சைட்' என்பது தைக்கும் பக்க ஓரம். ஒற்றைப்படைப் பக்கத்தில் அது இடப்புறம். இரட்டைப்படைப் பக்கத்தில் வலப்புறம். இதற்குக் கூடுதல் இடம் விடுக.

5. அளவை மாற்றிய பின் பக்கம் பக்கமாகப் பார்க்கவும். முன்பே வைத்த பத்திகள் பழைய இடத்திலேயே நிற்கக்கூடும்.

வேலை முடிந்ததும் கோடுகளை மறைத்துப் பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில் தவறில்லை. மறைத்தபடியே வேலை செய்வதுதான் தவறு. கட்டணமின்றிக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருளிலும் ஓரங்களைக் காட்டவும் மறைக்கவும் வசதி உண்டு.

வகுப்பறைச் செயல்பாடு: இருபது தாள்களை அடுக்கச் சொல்லுங்கள். நடுத் தாள் ஒன்றின் இடது விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளி ஒரு வரியும், 2.5 செ.மீ. தள்ளி இன்னொரு வரியும் எழுதட்டும். இடப்புறம் பின் அடித்துத் திறந்தால் எந்த வரி முழுதாகத் தெரிகிறது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த ஆண்டு மலரில் அம்மாணவியின் கவிதையை மீண்டும் வெளியிட்டோம். அந்தப் பக்கத்தின் ஓரத்தைத் திரையில் சரிபார்த்தவள் அவளே.