பேனல் வாங்குமுன் ஒரு கணக்கு

கிளாஸ்கோ

அன்புள்ள கயல்,

நீயும் உன் தோழியும் சேர்ந்து வாங்கிய கேம்பர்வேனின் படங்களைப் பார்த்தேன். கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், டீசல் ஹீட்டர் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. முன்பு வைத்திருந்தவர் கைவேலை தெரிந்தவர்தான். செப்டம்பர் கடைசியில் இன்வர்னஸில் கிளம்பி, நார்த் கோஸ்ட் 500 சாலையில் ஸ்காட்லாந்தின் வடகோடியைச் சுற்றி வரப் போவதாகவும், கரண்ட் இணைப்பு உள்ள முகாம்களில் கூடியவரை தங்கப்போவதில்லை என்றும் எழுதியிருந்தாய். கேள்வி ஒன்றுதான் கேட்டிருந்தாய்: "கூரையில் எத்தனை வாட் சோலார் பேனல் போடலாம், சித்தப்பா?"

அதற்குப் பதில் பின்னால் வரும். முதலில் ஒரு காகிதத்தை எடுத்து, வேனுக்குள் ஒரு நாளைக்கு என்னென்ன ஓடும், எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுது. வாட்டை மணியால் பெருக்கினால் வாட்-மணி. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்-மணி. நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் 150 ஏ.எச். என்று எழுதியிருக்குமே, அதே அளவுதான்.

உன் வேனுக்கு நானே தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும். அந்தக் குளிரில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும். அப்படியும் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-மணி. டீசல் ஹீட்டர் பற்றும்போது சில நிமிடங்களுக்கு 10 ஆம்பியர் வரை கேட்கும். பிறகு விசிறிக்கும் பம்ப்புக்கும் மட்டும் கொஞ்சம். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 14 என்று வை. எல்.இ.டி. விளக்குகள் 5, இரண்டு போன்கள் 3, உன் லேப்டாப் 5, தண்ணீர் பம்ப் 1. கூட்டினால் 58. அறுபது என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது வேனில் இருக்கும் பேட்டரியைப் பார். படத்தில் தெரிவது 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். வகை, அதாவது ஈய-அமில பேட்டரி. லேபிளில் நூறு இருந்தாலும் கையில் வருவது ஐம்பதுதான். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக, உன் பேட்டரி ஒரு முழு நாளுக்கே போதாது. கூரையில் எந்தப் பேனலைப் போட்டாலும் இந்த உண்மை மாறாது.

ஈய-அமில பேட்டரிக்கு இன்னொரு குணமும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. காலியாக இருக்கும்போது மின்சாரத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும். எண்பது சதவீதம் தாண்டியதும் மந்தமாகிவிடும். நெரிசலான டவுன் பஸ்ஸில் கடைசி நாலு பேர் படியில் ஏறி உள்ளே நகர்வது மாதிரி, அந்தக் கடைசி இருபது சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். சார்ஜரைப் பெரிதாக்கி இதை அவசரப்படுத்த முடியாது. அடிக்கடி முழுசாக நிரப்பாமல் பாதியிலேயே விட்டுவந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் படிந்து, பேட்டரியின் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகும். 'நன்றாகத்தானே சார்ஜ் செய்தேன், ஏன் செத்துப்போனது' என்று என்னிடம் கொண்டுவரும் பேட்டரிகளில் பாதிக்குமேல் இந்தக் கேஸ்தான்.

லித்தியம் போடலாமா என்று அடுத்துக் கேட்பாய். காசு இருந்தால் போடு. வேனுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. நூறில் எண்பது தொண்ணூறு வரை தாராளமாக எடுக்கலாம். எடை பாதிக்கும் குறைவு. கடைசிவரை வேகமாக நிரம்பும். பாதியில் விட்டாலும் கெடாது. இந்த வகைக்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவரின் உழைப்பும் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் விஞ்ஞானி ஜான் குடினஃபுடன் சேர்ந்து, சல்பேட் போன்றவை கலந்த இரும்புச் சேர்மங்களை மின்வாயாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அந்த வழியில் போய்த்தான் குடினஃபின் குழு 1990களில் இரும்பு பாஸ்பேட்டைக் கண்டடைந்தது. 2019இல் குடினஃப் தம் 97ஆம் வயதில் வேதியியல் நோபல் வாங்கியபோது, அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவர் மந்திரம்தான். சும்மா சொல்லிவைத்தேன், உன் தோழியிடம் பீற்றிக்கொள்ள உதவும்.

லித்தியத்தின் ஒரே பெரிய பலவீனம் குளிர். உறைநிலைக்குக் கீழே அதில் மின்சாரத்தை எடுக்கலாம், ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரியில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சர்க்கியூட் அந்த நேரத்தில் சார்ஜை நிறுத்திவிடும். ஆகவே வண்டிக்கு அடியில் தொங்கவிடாமல், நீங்கள் தூங்கும் பகுதிக்குள்ளேயே கட்டிலுக்குக் கீழே வை.

சரி, அறுபது ஆம்பியர்-மணி எங்கிருந்து வரும்?

கூரையிலிருந்து முழுசாக வராது. இன்வர்னஸ் 57 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூனில் அங்கே பகல் 18 மணி நேரம், டிசம்பரில் ஆறரை. டிசம்பர் நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து ஒன்பது டிகிரிக்கு மேல் எழாது. நீங்கள் போகும் செப்டம்பர் கடைசியில் அது நடுப்பகலில் சுமார் 30 டிகிரி உயரத்தில் நிற்கும். கூரையில் தட்டையாகக் கிடக்கும் பேனலுக்கு, வெயில் அடித்தாலும் நேர் ஒளியில் பாதிதான் கிடைக்கும். 200 வாட் பேனல் என்றால் நல்ல வெயில் நாளில் 40 ஆம்பியர்-மணி தேறும். மேகம் கவிந்த நாளில் பத்துப் பன்னிரண்டு. ஹைலாண்ட்ஸில் எந்த நாள் அதிகம் என்று உனக்கே தெரியும். ஜூனில் இதே பேனல் உன் முழுத் தேவையையும் கொடுக்கும். டிசம்பரில் ஐந்து கிடைத்தால் அதிசயம்.

அந்த அறுபதைக் கொண்டுவரப் போவது எஞ்சின்தான். நார்த் கோஸ்ட் 500 பாதை 516 மைல். பல இடங்களில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போவதால் தினமும் இரண்டு மூன்று மணி நேரமாவது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாய். அந்த நேரத்தில், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சும்மா இருக்க வேண்டாம். 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்றை எஞ்சின் பேட்டரிக்கும் பின்னால் இருக்கும் பேட்டரிக்கும் நடுவில் போட்டால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் 60 ஆம்பியர்-மணி. லித்தியமாக இருந்தால் அப்படியே உள்ளே போகும். வெயிலையும் கேட்காது, மழையையும் கேட்காது.

இப்போது உன் வேனில் அந்த இடத்தில் ஒரு சாதாரண ரிலே இருக்கிறது. பழைய வண்டிகளுக்கு அது போதும். யூரோ 6 விதிக்குப் பிறகு வந்த பெரும்பாலான வேன்களில் ஆல்டர்னேட்டரை எஞ்சின் கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்க, சமவெளியில் ஓடும்போது வோல்ட்டேஜைக் குறைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். வோல்ட்டேஜ் இறங்கியதும் ரிலே கழன்றுகொள்ளும், பின்னால் இருக்கும் பேட்டரிக்கு எதுவும் போகாது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு ராத்திரி ஃபிரிட்ஜ் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம். டி.சி.-டி.சி. சார்ஜர் எது வந்தாலும் வாங்கி, பேட்டரிக்கு வேண்டிய 14.4 வோல்ட்டாக மாற்றித் தரும். லித்தியம் போட்டால் இது கட்டாயம். ரிலே வழியாக நேரே இணைத்தால் லித்தியம் கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுத்துக் கொடுத்தே ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடக்கூடும்.

நிறுத்திய இடத்தில் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு சார்ஜ் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் முழு அளவில் தராது, புகை, பக்கத்தில் தூங்குகிறவரின் சாபம் வேறு. பொதுச் சாலையில் நிறுத்திவிட்டுத் தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிடுவது இந்த நாட்டில் குற்றமும்கூட. பெட்ரோல் ஜெனரேட்டர் பற்றிப் பேசவே வேண்டாம். அதை வேனுக்குள்ளோ, பக்கத்தில் கட்டும் கூடாரத்துக்குள்ளோ ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே முடித்துவிடும். எப்படியும் வேனில் அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்று இருக்க வேண்டும்.

பேனல் அப்போது வீணா? ஓட்டாமல் ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்கும்போது அது கைகொடுக்கும். ஈய-அமில பேட்டரியோடு தொடர்ந்தால் இன்னும் நல்ல ஜோடி: எஞ்சின் எண்பது சதவீதம் வரை ஏற்றும், மிச்சத்தைப் பேனல் பகல் முழுக்க மெதுவாக நிரப்பும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வரும் கன்ட்ரோலர் எம்.பி.பி.டி. வகையாக இருக்கட்டும். மலிவான பி.டபிள்யூ.எம்., 18 வோல்ட் பேனலை பேட்டரியின் வோல்ட்டேஜுக்கு இழுத்துப் பிடித்து, கால் பங்கை வீணடிக்கும். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில். நிழல் விஷயத்தில் கறாராக இரு. பேனலில் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், காற்றுப்போக்கியின் நிழல் ஓர் ஓரத்தில் விழுந்தாலும் அந்த வரிசை முழுதும் சோர்ந்துவிடும். பைன் மரத்தடி அழகாகத்தான் இருக்கும், நிறுத்தாதே. என்னைக் கேட்டால், கூரையில் 100 வாட், அதோடு தெற்கு நோக்கிச் சாய்த்துவைக்கும் மடக்குப் பேனல் 100 வாட். சாய்த்த பேனல் அந்தத் தாழ்ந்த வெயிலில் தட்டையானதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலை செய்யும். காற்றில் பறக்காமல் கட்டிவை.

செலவைக் குறைக்க ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: இன்வெர்ட்டரை அணைத்து வை. ஒன்றும் மாட்டாமல் சும்மா இருந்தாலே அது மணிக்கு ஓர் ஆம்பியர்-மணி வரை தின்னும். ஒரு நாளைக்கு 24. உன் ஃபிரிட்ஜுக்கு ஆகிற அளவு கிட்டத்தட்ட. லேப்டாப்பை 12 வோல்ட் யு.எஸ்.பி.-சி சாக்கெட்டிலேயே சார்ஜ் செய். இங்கே கிடைக்கும் கெட்டில் 3000 வாட். 12 வோல்ட்டில் அதற்கு 250 ஆம்பியர் வேண்டும். டீக்கு கேஸ் அடுப்பு இருக்கிறது. ஹேர் டிரையரை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய, ஈய-அமிலத்துக்கு வோல்ட்மீட்டர் ஓரளவு போதும்: எதுவும் ஓடாமல், சார்ஜும் ஏறாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. லித்தியத்தில் இந்த வித்தை பலிக்காது. பெரும்பகுதி நேரம் 13.2, 13.3 என்றே காட்டிக்கொண்டிருந்து திடீரென்று விழும். போவதையும் வருவதையும் எண்ணும் ஷன்ட் மானிட்டர் ஒன்றை நெகட்டிவ் கம்பியில் போட்டுவிடு. பேனலுக்கு முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஒரு வாரம் பார்த்தாலே எந்தச் சாமான் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும்.

கம்பி வேலையை நீயே செய்யப்போவதாக எழுதியிருந்தாய். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் இறங்காதே. ஸ்பேனர் தவறி இரண்டு முனைகளையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரம் பழுக்கக் காயும். மோதிரம், வளையலைக் கழற்றிவை. நெகட்டிவை முதலில் கழற்று. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கம்பிக்கும், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ். கம்பி தடிமனாக இருக்கட்டும். மெலிந்த கம்பி சூடாகும், வோல்ட்டேஜையும் தின்னும்.

இன்னொன்று. ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறாய். 2003ஆம் ஆண்டு நிலச் சட்டம் தருகிற அந்த உரிமை நடந்து வந்து கூடாரம் போடுகிறவர்களுக்கு. மோட்டார் வண்டிக்குப் பொருந்தாது. தங்கும் இடங்களை முன்கூட்டியே பார்த்துவையுங்கள். நாலைந்து நாளுக்கு ஒரு ராத்திரி கரண்ட் உள்ள முகாமில் போடுங்கள். 230 வோல்ட்டில் விடிய விடிய ஏறினால் ஈய-அமில பேட்டரிக்கு மறுவாழ்வு. உங்களுக்குச் சுடுதண்ணீர்க் குளியல்.

பேனல் ஆர்டரை இந்த வாரம் கொடுக்காதே. வேனின் மாடல் வருஷத்தையும், ரிலேயின் படத்தையும், உன் கையால் போட்ட ஒரு நாள் கணக்கையும் எனக்கு அனுப்பு. சனிக்கிழமை காலையில் நான் சும்மாதான் இருப்பேன். வேனை இங்கே ஓட்டிக்கொண்டு வந்தால் சார்ஜரை இரண்டு பேரும் சேர்ந்து மாட்டிவிடலாம்.

அன்புடன்,
சித்தப்பா