கம்யூனிட்டி காலேஜ் நிகழ்ச்சிகளுக்குப் போவது எப்படி? சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

யாருக்கு?

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. அங்கே நடக்கும் பேச்சு, இசை, கண்காட்சி, நிர்வாகக் கூட்டம் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஊருக்கே பொது. நாம் மாணவராக இருக்க வேண்டியதில்லை.

கூப்பர்டினோவின் டி ஆன்ஸா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நிர்வாகம் ஒன்றே. வேலை அனுமதிக்குக் காத்திருப்பவர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, எல்லோருமே தாராளமாகப் போகலாம்.

முதலில் எதற்குப் போகலாம்?

என் ஓட்டு ஃபுட்ஹில்லின் ஸ்மித்விக் அரங்கில் நடக்கும் வானியல் பேச்சுகளுக்குத்தான். கல்வியாண்டில் சில புதன்கிழமைகளில், மாலை 7 மணிக்கு நடக்கும். வானியலாளர் ஆண்ட்ரூ ஃப்ராக்னாய் 1999 முதல் நடத்திவரும் தொடர் இது. பேச வருபவர்கள் ஆய்வாளர்கள். பேசுவதோ நம்மைப் போன்ற பொதுமக்களுக்குப் புரியும்படி. கடைசியில் கேள்வி நேரம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுவதை அவர்கள் கேட்டுவிடுவார்கள், பதிலும் அதே மரியாதையோடு வரும்.

பகலில்தான் நேரம் என்றால் டி ஆன்ஸாவின் யூஃப்ராட் கலைக்கூடம் இருக்கிறது. அனுமதி இலவசம். அதே கல்லூரியில் உள்ள கோளரங்கின் காட்சிகளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

தேதியை எப்படிப் பிடிப்பது?

இரண்டு கல்லூரிகளின் இணையதளத்திலும் நிகழ்ச்சிக் காலண்டர் உண்டு. மாதத் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்து, பிடித்ததை உடனே போனில் ஏற்றிவிடுவோம். கல்வியாண்டு செப்டம்பர் இறுதியில் தொடங்கி ஜூனில் முடியும். கோடையிலும் தேர்வு வாரங்களிலும் காலண்டர் காலியாகவே கிடக்கும்.

போய்ச் சேர்வது

ஃபுட்ஹில் குன்றின் மேல் இருக்கிறது. பார்க்கிங் கீழே, அரங்கு மேலே. முழங்கால் வலி உள்ளவர்கள் உடன் வந்தால், படியில்லாத பாதை எந்தப் பார்க்கிங்கிலிருந்து போகிறது என்று வளாக வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய்விட்டால் பதற்றமே இருக்காது.

பார்க்கிங் சீட்டு வாங்கும்போது கார் நம்பர் கேட்கும். வாடகைக் காராக இருந்தால் இறங்கியதும் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரிசை நிற்க, மறுபடி காருக்கு ஓட வேண்டாம்.

பஸ் என்றால், உள்ளூர் பஸ் நிறுவனமான விடிஏவின் 40 ஃபுட்ஹில்லுக்கும், 23, 25, 55, 523 ஆகியவை டி ஆன்ஸாவுக்கும் போகும். பேச்சு முடிகிற நேரத்துக்குத் திரும்ப பஸ் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுவோம்.

எவ்வளவு செலவாகும்?

வானியல் பேச்சுக்கு அனுமதி இலவசம். பார்க்கிங்குக்குச் சில டாலர், பஸ்ஸில் 2.50 டாலர், 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1 டாலர். நாடகம், இசைக்கு டிக்கெட் தனி.

அடுத்த படி: நிர்வாகக் கூட்டம்

இரண்டு கல்லூரிகளையும் நடத்துவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு. அதன் கூட்டத்துக்குப் போவதற்குத்தான் நம்மவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையே இல்லை. கலிஃபோர்னியாவில் 1953இல் வந்த திறந்த கூட்டச் சட்டமான பிரவுன் சட்டம் நமக்காகக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட்டாக வேண்டும். முதலில் அதைப் படிப்போம். உள்ளே நுழைய யாரும் பெயர் பதிய வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. பொதுமக்கள் பேசவும் நேரம் ஒதுக்க வேண்டும். அது சில நிமிடங்கள்தான் என்பதால், சொல்ல வேண்டியதை எழுதி, வீட்டில் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் மொழிபெயர்ப்பாளரோடு தமிழிலேயே பேசலாம். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி அங்கே இல்லையென்றால், அவர்களுக்குக் குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. அம்மா பேசட்டும், மகள் மொழிபெயர்க்கட்டும்.

கவனம்

நிரலில் இல்லாத விஷயத்தைப் பற்றிக் குழு அன்றைக்கு விவாதிக்கவோ முடிவெடுக்கவோ முடியாது. நாம் பேசி முடித்ததும் அவர்கள் அமைதியாக அடுத்தவரை அழைத்தால் மனம் வாட வேண்டாம். சொன்னது அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

வளாகத்தில் நடப்பதெல்லாம் கல்லூரி நடத்துவதல்ல. அரங்கை வாடகைக்கு எடுத்து வெளியார் நடத்தும் கூட்டங்களும் உண்டு. முதலீடு, விசா என்று தலைப்பு வைத்து இலவசமாக அழைத்தால், நடத்துவது யார் என்று பார்த்துவிட்டுப் போங்கள். போன இடத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிடித்துப்போனால்?

இரண்டு மூன்று பேச்சுகள் கேட்ட பிறகு, வானியலையே பாடமாகப் படிக்கலாமே என்று தோன்றும். கலிஃபோர்னியாவாசிகளுக்கு இந்தக் கல்லூரிகளில் வகுப்புக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 31 டாலர். விசாவில் இருப்பவர்கள் தங்களுக்கு எந்தக் கட்டணம் பொருந்தும் என்று சேர்க்கை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் பதிவு செய்யுங்கள்.