ஒரு சட்டைக்கு ஒரு புதுமை போதும்

வசந்தத்தில் என்ன உடுப்பு வரப்போகிறது என்பது பாரிசில் அதற்கு முந்திய இலையுதிர் காலத்திலேயே தெரிந்துவிடும். செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் நடக்கிற பஷன் வாரத்தில் காட்டுவது அடுத்த வசந்தத்துக்கும் கோடைக்குமான உடுப்புகளைத்தான். கடைகளை அவை நிறைக்க மாசி, பங்குனி ஆகிவிடும். வீட்டில் தைக்கிறவர்களுக்கு இந்த இடைவெளி பெரிய வரம். படங்களைப் பார்க்கலாம், துணி தேடலாம், சித்திரை வருசப்பிறப்புக்குள் அவசரமில்லாமல் தைத்து முடிக்கலாம். ஒபர்வில்லியேயில் என் வீட்டு மெசினில் வருசா வருசம் நடப்பது இதுதான்.

மேடையில் வருகிற உடுப்பில் நிறம், துணி, வெட்டு, அலங்காரம் எல்லாமே புதிதாக இருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றதெல்லாம் உங்கள் உடம்புக்கு ஏற்கெனவே பொருந்தின சட்டையின் பேப்பர் வெட்டிலிருந்து வரட்டும். புது வெட்டையும் வழுக்குகிற புதுத் துணியையும் ஒரே நேரத்தில் தொட்டால், சட்டை சரியாக நிற்காதபோது பிழை வெட்டிலா துணியிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

2025 வசந்தத்தை எடுத்துக்கொள்வோம். க்ளோயே நிறுவனத்துக்காகச் செமெனா கமாலி காட்டியவை எழுபதுகளின் சாயல்கொண்ட மெல்லிய துணிகள், லேஸ், நிறையச் சுருக்கு. அந்தத் துணி எங்கள் அலுமாரிகளில் மடித்துக் கிடக்கிறது. யாரும் உடுக்காத ஒரு ஜோர்ஜெற் சீலை போதும். அடுக்குப் பாவாடைக்குக் கணக்கு இலகு. ஒவ்வோர் அடுக்கும் மேலே உள்ளதைவிட ஒன்றரை மடங்கு. இடுப்பு 80 சென்ரிமீற்றர் என்றால் முதல் அடுக்கு 120, அடுத்தது 180, கடைசி 270. கடைசி அடுக்கைச் சீலையின் கரையோடு சேர்த்து வெட்டினால் கீழே மடித்து அடிக்கிற வேலையே இல்லை. சீலையின் ஒரு பக்கக் கரை ஐந்தரை மீற்றர் வரும். 270 போக மிஞ்சுவதில் மகளுக்கும் ஒரு பாவாடை தைக்கலாம்.

சுருக்கு வைப்பதில்தான் கைத்திறன் தெரியும். தையலின் நீளத்தை 5 மில்லிமீற்றருக்கு மாற்றி, மேல்நூலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். துணி ஓரத்திலிருந்து 5 மில்லிமீற்றர் உள்ளே ஒரு வரிசை, 15 மில்லிமீற்றரில் இன்னொரு வரிசை ஓட்டுங்கள். மேலடுக்கையும் கீழடுக்கையும் நாலாகப் பிரித்துக் குண்டூசியால் அடையாளம் வைத்து, அடையாளத்தோடு அடையாளம் சேர்த்தபின் இரண்டு வரிசை அடிநூலையும் ஒன்றாக இழுங்கள். இரண்டுக்கும் நடுவில், 10 மில்லிமீற்றரில், சாதாரணத் தையலால் பொருத்துங்கள். சுருக்கு ஒருபக்கம் சாயாமல் நேராக விழும். பிறகு 15 மில்லிமீற்றர் வரிசையை உருவி எடுத்துவிடலாம். ஊசி 60 அல்லது 70, அதுவும் புதிதாக இருக்கவேண்டும். முனை மழுங்கிய ஊசி ஜோர்ஜெற்றின் இழையை இழுத்துவிடும்.

எல்லா வெட்டும் சீலைக்கு ஒத்துவராது. டியோர் நிறுவனத்தில் 21 வயது இவ் சேன் லோறன் 1958 வசந்தத்துக்குக் காட்டிய ட்ரபீஸ் சட்டை, தோளில் ஒடுங்கிக் கீழே விரிவது, இன்றைக்கும் திரும்பத் திரும்ப வருகிறது. இடுப்புப் பொருத்தம் பார்க்கத் தேவையில்லாததால் புதிதாகத் தைக்கிறவர்கள் தொடங்க நல்ல வெட்டு. ஆனால் அதன் கீழ்விளிம்பு வளைவு, சீலைக் கரையோ நேர்கோடு. நேராகவே விட்டால் இரண்டு பக்கமும் கீழே தொங்கும். அந்தச் சட்டைக்குக் கரையைத் தனியாக வெட்டியெடுத்துக் கைவிளிம்பிலோ சட்டைப் பையிலோ வையுங்கள்.

நிறத்துக்கு வருவோம். 2025இல் எங்கே பார்த்தாலும் வெண்ணெய் மஞ்சள். எங்கள் சந்தன நிறத்துக்கு ஒரு படி வெளிறினது. கடை விளக்கின்கீழ் எந்த மஞ்சளும் அழகுதான். துணியை வாசல்வரை கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் தாடைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். முகம் மங்கினால் அந்த நிறத்தைப் பாவாடைக்கு வைத்துக்கொண்டு, கழுத்துக்குப் பக்கத்தில் உங்களுக்கு எடுப்பான நிறத்தைக் கொண்டுவாருங்கள்.

மேடையில் குளிர் இல்லை, இங்கே தெருவில் உண்டு. ஏப்ரலில் ஒரு நூலைக்கூடக் கழற்றாதே என்பது பிரெஞ்சுக்காரரின் பழமொழி. ஆகவே வசந்தச் சட்டைக்குக் கைக்குழியை ஒரு சென்ரிமீற்றர் இறக்கி வெட்டுகிறேன், உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை போட இடம் கிடைக்கும். ஜோர்ஜெற் பாவாடைக்கு உள்ளே பருத்தி வொயில் லைனிங் கட்டாயம்.

புர்டா சஞ்சிகையின் வெட்டுகளைப் பாவிக்கிறவர்களுக்கு ஒரு சொல். அந்தத் தாளில் தையலுக்கு விடுகிற துணி சேர்க்கப்பட்டிருக்காது. கோட்டுக்கு வெளியே 1.5 சென்ரிமீற்றர் நீங்களே கூட்டித்தான் வெட்டவேண்டும்.

அலங்காரம்தான் நீங்கள் எடுக்கிற புதுமை என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஒபர்வில்லியே எல்லையில், நூல் இழைகள் போன்ற வெள்ளைக் கொங்கிறீற்றுத் தூண்களோடு நிற்கிற கட்டடம் ஷனெல் நிறுவனத்தின் ‘19எம்’. லெசாஜ் என்ற பழைய எம்பிராய்டரிப் பட்டறை அதற்குள் இருக்கிறது. அவர்கள் பாவிக்கிற லுனேவில் கொக்கியும், பாரிசின் லாச்சப்பலில் தாலிகட்டுக்கு உடுக்கிற பிளவுஸ்களில் ஓடுகிற ஆரி ஊசியும் ஒரே குடும்பம். கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடுகிற முறை 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்துதான் பிரான்சுக்கு வந்தது. லெசாஜ் குடும்பத்து மகன் ஜான்-பிரான்சுவா 1990களில் சென்னையில் ‘வஸ்த்ரகலா’ என்ற பட்டறையைத் தொடங்கியதும் அங்கே அந்தக் கைகள் இருந்ததால்தான். ஆரி தெரிந்த எங்கள் பெண்கள் அதைக் கலியாண பிளவுஸோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதில் எனக்கு மெய்யான வருத்தம் உண்டு. ஒரு வெள்ளை லினன் சட்டையின் கழுத்துப் பட்டியில், சரிகை இல்லாமல், ஒரே நிற நூலில் போட்டுப் பாருங்கள். வேலைக்கும் போட்டுக்கொண்டு போகலாம். 19எம் கட்டடத்தில் பொதுமக்களுக்குக் கண்காட்சிகளும் நடக்கும், போய் அந்த வேலைகளைக் கிட்டத்தில் நின்று பாருங்கள்.

லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் 2ஆம் இலக்க மெத்ரோவில் இரண்டு நிலையம் தள்ளி அன்வேரில் இறங்குங்கள். மொன்மார்த் குன்றின் அடியில் மார்ஷே சென்-பியேரைச் சுற்றித் தெருவெல்லாம் துணிக்கடைகள். 3 மீற்றர் துண்டுகளாக வெட்டி மடித்து வைத்திருப்பதைக் கூப்போன் என்பார்கள். விலையைப் பார்க்குமுன் அகலத்தைப் பாருங்கள். 140 சென்ரிமீற்றர் அகலமென்றால் முழுக்கை வைத்த நீளச் சட்டைக்குத் தாராளம். 90 என்றால் கையில்லாத சட்டைக்குத்தான் கணக்குப் போடவேண்டும். அளவுநாடாவை மறக்காமல் கொண்டுபோங்கள். பருத்தியோ லினனோ வாங்கினால் வெட்டுமுன் கழுவிக் காயப்போடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும்.